மத்தியானம் கூவும் சேவலை விற்றவர்

அவரைக் கள்ளன் என்று பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேரே. அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

"ஓம் தம்பி, கள்ளன்தான். உன்ரை பாரையை இண்டைக்கு எவ்வளவுக்குக் களவெடுக்கட்டும்?" என்று கேட்டுவிட்டு, கவிழ்த்து வைத்த மீன்பெட்டியில் ஏறி நின்று கூவத் தொடங்கிவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கரையில் மீனை ஏலம் கூறி விற்றவர் அவர். பெயரை எழுத மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். பெட்டிக்கு மேல் நின்றால் அவருடைய சத்தம் மாதா கோயில் மணிக்கூண்டு வரை கேட்கும். இறங்கினால் ஆளுக்குக் குரலே இல்லை. தேத்தண்ணிக் கடையில் பக்கத்தில் இருந்தும் காதைக் கொண்டுபோய் வாயில் வைத்துத்தான் அவர் கதைப்பதைக் கேட்க வேண்டும். தொண்டையைச் சேமிக்கிறாராம். சித்திரை வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம்போட்ட லேஞ்சித் துணி. எல்லாரும் பால் விடாத பிளேன்ரீ குடிக்கும்போது அவர் மட்டும் மல்லித் தண்ணி கேட்பார். தன் தொண்டையைப் பற்றி அவருக்கு ஒரு நடிகையின் பெருமை இருந்தது.

கூலியைக் காசாக வாங்குவார். அது நியாயம். அதற்கு மேலே ஒவ்வொரு குவியலிலும் ஒரு மீனைத் தூக்கித் தன் பனையோலைக் கடகத்துக்குள் போடுவார். கழிசல் மீன் இல்லை, நல்ல மீன். அதுதான் என் கோபம். விடிய விடியக் கடலில் கிடந்து, நேவிக்காரனின் வெளிச்சத்துக்குப் பயந்து வள்ளத்துக்குள் குப்புறப் படுத்து, கொண்டுவந்த மீன். இந்த மனுஷன் கால் நனையாமல் ஒன்றைத் தூக்குகிறார்.

"உந்தக் கடகத்தாலைதான் கல்வீடு கட்டப்போறியளோ அண்ணை?" என்று கேட்பேன்.

"கட்டினால் உனக்கும் ஒரு அறை விடுறன்" என்பார்.

அவர் கடைசி வரை ஓலைவீட்டில்தான் இருந்தார். அதை யோசித்துப் பார்க்கிற அளவுக்கு எனக்கு அப்போது மூளை இருக்கவில்லை.

அவர் புனிதர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பெரிய வியாபாரிகளுக்கு விலையை ஏறவிடாமல் கெதியாக முடித்துக் கொடுத்த நாட்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் கோபம் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு பனை மரத்துக்காகச் சொந்தத் தம்பியோடு எட்டு வருஷம் கதைக்காமல் இருந்தவர்.

செவ்வாய்க்கிழமைகளில் கோயிலில் பூசை முடிய நேர்த்திக்கு வந்த சாமான்களை ஏலம் கூறுவதும் அவர்தான். அதற்குக் கூலி இல்லை. பேக்கரிப் பாண், தேங்காய், கோழி, சிலவேளை ஒரு ஆட்டுக்குட்டி. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கோயில் ஏலத்தில் சாமானுக்கு விலை பார்ப்பதில்லை. ஐந்து ரூபா பாண் ஐம்பதுக்குப் போகும். வாங்கினவன் காசைக் கட்டிவிட்டு, "திரும்பக் கூறுங்கோ" என்று சாமானைத் திருப்பிக் கொடுப்பான். அதே பாண் இன்னொரு தரம் விலைபோகும்.

சில செவ்வாய்களில் அவர் கழுத்து லேஞ்சியை அவிழ்த்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். அந்த நேரம் பங்குச் சுவாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். அப்போது கூறுகிற சாமான் எப்போதும் கேவலமானதாக இருக்கும். விலை மட்டும் எங்கேயோ போகும். ஒருமுறை ஒரு பூசணிக்காய், அதுவும் ஒருபக்கம் அழுகினது, முந்நூறு தாண்டியது. நான் பின்னால் நின்று, "உதென்ன, உள்ளுக்கை பவுண் வைச்சிருக்கோ?" என்று கத்தினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும், "வைச்சிருக்கு தம்பி. நீ கேக்கிறியோ?" என்றார். எனக்கு விளங்கவில்லை. கரை முழுக்கத் தெரிந்த ஒரு விஷயத்தை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. என் வாய் அப்படி.

இனி யூட்டைப் பற்றி எழுத வேண்டும். என் மூத்தவன். எண்பத்தைந்தில் அவனுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் ஒருநாள் இருக்கும், மூன்று நாள் பூட்டும். அக்கரை இந்தியாவிலிருந்து சாமான் ஏற்றி வந்த வள்ளங்களோடு ஒரு மண்ணிறத் தூளும் வந்தது. பெடியள் அதை வெள்ளீயத் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுத்தார்கள். ஹெரோயின் என்ற பெயர் எனக்குப் பிறகுதான் தெரியும். அவன் மெலிவதைக் கண்டு என் மனிசி வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தாள். பிறகு வலையிலிருந்த ஈயக்குண்டுகள் குறையத் தொடங்கின. பிறகு அவளுடைய தோடு. கடைசியில் பக்கத்து மீன்வாடிக்காரரின் வள்ள எஞ்சினில் இருந்து பிளக்கைக் கழற்றி விற்றுவிட்டான்.

அந்தக் காலத்தில் பொலிஸ் இல்லை. களவெடுத்தவனையும் தூள்காரனையும் ஆயுதம் தூக்கின இயக்கப் பெடியள் விசாரித்தார்கள். விசாரணை முடிந்த சிலரை விடியக் காலையில் லைற் கம்பத்தில் கட்டியிருக்கக் கண்டிருக்கிறோம், நெஞ்சில் மட்டை எழுதித் தொங்க. என் பிள்ளையை அப்படிக் காணப்போகிறேன் என்ற பயத்தில் நான் செய்த வேலை என்ன? அவனை முற்றத்துத் தென்னையில் கட்டி எஞ்சின் கயிற்றால் அடித்தேன். அவன் அழவில்லை. அது இன்னும் கோபமாக்கியது.

இரண்டு நாள் கழித்து ஏலக்காரர் வீட்டுக்கு வந்தார். மல்லித் தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருந்தார்.

"பெடியன் எங்கை?"

"உங்களுக்கென்ன? மீன் கூறுறதோடை நிண்டுகொள்ளுங்கோ."

"அடிச்சனியாம்."

"என்ரை பிள்ளை, அடிப்பன், கொல்லுவன். அடிச்சால்தான் மாறும்."

"அடிச்சு மாறுமெண்டால், என்ரை அப்பன் எனக்குப் போட்ட அடிக்கு நான் இப்ப பிஷப்படா" என்றார், அதே சின்னக் குரலில். உள்ளே மனிசி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து மூன்று மாதம்.

தென்மராட்சியில் ஒரு தென்னங்காணிக்குள் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவரும் இரண்டு கன்னியாஸ்திரிகளும் தூளில் விழுந்த பெடியளை எழுப்ப ஒரு வீடு நடத்துகிறார்கள் என்று சொன்னார். பெயர்ப்பலகை இல்லை. ஆறு கிழமை, ஒன்றரை மாதம். மருந்தை நாங்கள் வாங்க வேண்டும், சாப்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும். பெரிய செலவு அது இல்லை. தகப்பனோ தாயோ ஒருவர் கூடவே நிற்க வேண்டும். மனிசிக்குக் கைக்குழந்தை. நான் போனால் ஆறு கிழமை கடல் இல்லை. கடல் இல்லையென்றால் வீட்டில் அடுப்பில்லை. இது எந்த டொக்டரின் மருந்துத் துண்டிலும் எழுதியிராத செலவு.

எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இருதய ஒப்பரேஷன் என்றால் சங்கம் காசு சேர்க்கும், பேப்பரில் பிள்ளையின் படம் போடும், வெளிநாட்டிலிருந்து மணியோடர் வரும். தூள் என்றால் படலையைச் சாத்தும். பிள்ளை சாகப்போவது இரண்டிலும் ஒன்றுதான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிறது.

மனிசி உள்ளே போய்த் தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அவர் பார்த்த பார்வையில் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பிள்ளை, உதைக் கொண்டுபோய்ப் போடு. உதை வித்தால் உதின்ரை விலைதான் வரும். பவுணுக்கு விலை எழுதிக் கிடக்கு. எனக்கு விலையில்லாத சாமான் வேணும். ஒண்டுக்கும் உதவாத சாமான் என்ன கிடக்கு உங்கடை வீட்டிலை?"

"இவரைத் தவிரவோ?" என்று கேட்டாள், என்னைக் காட்டி.

அந்த நேரம் பார்த்துக் கொல்லையில் சேவல் கூவியது. பகல் பன்னிரண்டு மணி. எங்கள் சேவலுக்கு ஒரு கண் தெரியாது, நேரமும் தெரியாது. சமைத்தால் எலும்புதான். ஏலக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"அதைத் தா. செவ்வாய்க்கிழமை நீங்கள் ஒருத்தரும் வரக்கூடாது. சாமான் ஆரின்ரை எண்டு கேக்கிறவனுக்கு நான் விக்கிறேல்லை. சொல்லுறவனுக்கும் விக்கிறேல்லை."

அவருடைய ஏலத்தில் பெயர் கிடையாது. அதுதான் காரணம். அதனால்தான் நானும் அவர் பெயரை எழுதவில்லை.

வரக்கூடாது என்றால் நான் வருவேன். அதுதான் நான். மதிலோரம் பூவரசுக்குப் பின்னால் நின்றேன். கூட்டத்துக்கு அப்பால் இரண்டு புதுப் பெடியள் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். எங்கள் கரைப் பெடியள் இல்லை. இயக்கமாக இருக்கும் என்று மரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

ஏலக்காரர் லேஞ்சியை மணிக்கட்டில் கட்டினார், காசு கோயிலுக்கு இல்லை, ஒரு வீட்டுக்கு என்பதற்கு அடையாளம். சேவலைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"பாருங்கோ, பாருங்கோ! மத்தியானம் கூவுற சேவல்! காலமை நித்திரை குழம்பாது! கொழும்புத் துரைமாருக்கு ஏற்ற சேவல்! ஒரு கண்ணாலைதான் பார்க்கும், அயல்வீட்டுக் கோழியிலை கண் வைக்காது! ஆர் கேக்கிறியள்?"

முதல் விலைக்கேள்வி எஞ்சின்காரரிடமிருந்து வந்தது. என் மகன் பிளக்கைத் திருடின அதே மனுஷன். "நூறு" என்றார். காசைக் கட்டினார். "திரும்பக் கூறுங்கோ" என்றார். அடுத்தது வலைக் கடைக்காரர். அதற்கு அடுத்தது கருவாடு காயப்போடுகிற இரண்டு மனுஷிகள் சேர்ந்து. சேவல் நாலு தரம் விலைபோய் நாலு தரம் திரும்பி வந்தது. கூட்டம் சிரிக்கிறது, சேவல் கொக்கரிக்கிறது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. இவர்கள் எனக்குப் பிச்சை போடுகிறார்கள் என்று ஒரு கொதி தலைக்கு ஏறியது. பூவரசுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கத்தினேன்.

"ஐந்நூறு! என்ரை சேவலை நானே எடுக்கிறன்! விடுங்கோ!"

சத்தம் வாயை விட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. என்ரை சேவல். சைக்கிள் பெடியள் இரண்டு பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

ஏலக்காரர் பெட்டியை விட்டு இறங்கினார். நேரே வந்தார். இடக் கன்னத்தில் ஒன்று வைத்தார், காதுக்குள் சங்கு ஊதியது.

"காலங்காத்தாலை குடிச்சுப்போட்டுக் கோயில் சாமானிலை பகிடி விடுறியோ?" இது பெட்டிக்கு மேல் நிற்கிற குரல். "போனகிழமை கோயில் ஆட்டையும் தன்ரை எண்டவன் இவன்! கொண்டுபோய் விடுங்கோ உந்தக் குடிகாரனை! இவன்ரை கேள்வி செல்லாது!"

இரண்டு பேர் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் சிரித்தது. நான் அன்றைக்கு ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. பின்னால் அவர் மறுபடி கூவுவது கேட்டது. சேவல் ஐந்தாவது தரம் விலைபோனது.

பின்னேரம் அவர் வந்தார். ஒரு கையில் காசு, கக்கத்தில் சேவல். காசை மனிசியின் கையில் கொடுத்தார். சேவலை முற்றத்தில் விட்டார்.

"நோகுதோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம்."

"எனக்கும் கை வீங்கிப்போச்சு. என்ன தாடையடா உனக்கு, சுறாத் தாடை."

என் மகனைக் காப்பாற்றத்தான் அடித்தார் என்று விளங்கிக்கொண்டேன். மல்லித் தண்ணி போட்டுக் கொடுத்தேன். நான் என் கையால் இன்னொரு மனுஷனுக்குக் குடிக்கக் கொடுத்தது அதுதான் முதல் தரம்.

தென்மராட்சி வீட்டில் முதல் ஐந்து நாளும் நரகம். யூட் சத்தியெடுத்தான், வியர்த்தான், குளிர்ந்தான், கால்களை உதைத்தான். "எலும்புக்குள்ளை பூச்சி ஊருது அப்பா" என்று கத்தினான். பிடிக்கப் போன என் கையைக் கடித்தான். டொக்டர் என்னிடம் சொன்னது இரண்டே விஷயம்: "அடிக்காதையும், புத்தி சொல்லாதையும். பக்கத்திலை இரும்." அந்த இரண்டையும் விட்டால் தகப்பன் வேலையில் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. சும்மா இருந்தேன். அவன் வாயைத் துடைத்தேன். கால் பிடித்துவிட்டேன். பிறந்த அன்றைக்குப் பிறகு அவன் காலை நான் தொட்டது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும். படலையில் சைக்கிள் மணி கேட்டது. ஏலக்காரர். பின்னால் ஈரச்சாக்கு மூடின கடகம். எனக்கு நன்றாகத் தெரிந்த கடகம். இறக்கிச் சாக்கை விலக்கினார். பாரை, விளை, ஒரு கணவாய், இரண்டு ஓரா. ஒவ்வொன்றும் ஒவ்வொருவன் குவியல்.

"பார்த்துக்கொண்டு நிக்கிறாய், செதிளைச் சுரண்டன். பதினொரு பெடியள் பசியோடை இருக்கிறாங்கள்."

"அண்ணை... உது எங்கடை கரை மீனோ?"

"களவெடுத்தது" என்றார். "பன்னிரண்டு வருஷமாய்ச் சொல்லுறாய், இப்ப தெரியாத மாதிரிக் கேக்கிறாய்."

இந்த வீடு தொடங்க முன்னம் அந்த மீன் ஒரு முதியோர் மடத்துக்குப் போனதாம். அதைச் சமையலறையில் நின்ற சிஸ்டர்தான் சொன்னா. நான் குந்தியிருந்து செதிள் சுரண்டினேன். தலையைக் குனிய அது வசதியாக இருந்தது. போகும்போது மீன்தலைகளை எல்லாம் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "தலை என்ரை பங்கு" என்றார். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஞாயிறுதோறும் வந்தார். பெடியளைச் சுற்றி இருத்தித் தன் செருப்பை அவர்களைக்கொண்டே ஏலம் கூற வைப்பார். நடுக்கம் நிற்காத பெடியள் நடுங்கிக்கொண்டே கூவினார்கள். யூட் தன் முறை வந்தபோது, "நாத்தமடிக்கிற செருப்பு, நாய்கூடத் தூக்காது!" என்று கத்தினான். அவனுக்குக் குரல் இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன்.

புத்தி சொல்லவும் மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார். "ஏன் அண்ணை உங்களுக்கு இந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டேன். "கூவுறது என்ரை தொழில். எதைக் கூவினால் என்ன" என்றார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். அந்த அழுகின பூசணிக்காய் ஒரு விதவைத் தாய் கொண்டுவந்தது. அவ மகனுக்காக. இரண்டாவது தரமும் ஒரு பூசணிக்காய் கொண்டுவந்தா. மூன்றாவது தரம் வரவில்லை. பெடியனைப் பாழ்வளவுக் கிணற்றடியில் பிணமாக எடுத்தார்கள். அந்தச் செவ்வாய் ஏலக்காரர் பெட்டியில் ஏறினார், வாயைத் திறந்தார், இறங்கிப் போய்விட்டார். கரையில் ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. செத்தவீட்டில் அந்தத் தாய்க்கு முன்னால் நான் நின்றேன். பவுண் வைச்சிருக்கோ என்று கத்தினவன் நான்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வாய்க்காரன் என்று பெயர், தேவையான இடத்தில் வாய் இல்லை.

யூட்டும் ஒரு வருஷத்துக்குள் மறுபடி விழுந்தான். வெட்கத்தில் நான் கரைக்குப் போகவில்லை. ஏலக்காரர் படலைக்கு வெளியே நின்றே கேட்டார்.

"சேவல் உயிரோடை இருக்கோ?"

"இருக்கு."

"பிடிச்சுக்கொண்டு வா."

"அண்ணை, அதே சேவல். சனத்துக்கு அடையாளம் தெரியும்."

"தெரிஞ்சால் என்ன? தெரிஞ்ச சாமானுக்குத்தான் கேள்வி கூட."

அந்தச் செவ்வாய் நான் வீட்டிலேயே இருந்தேன். அதே ஒற்றைக் கண் சேவலை எங்கள் சனம் புதிதாகக் காண்பதுபோலக் கேட்டு வாங்கியதாம். எஞ்சின்காரர் இம்முறையும் முதல். யூட் அந்த இரண்டாவது தரத்தோடு எழும்பினான். ஏன் முதல் தரம் இல்லை, ஏன் இரண்டாவது தரம் என்று எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகுதென்று எல்லாரும் ஒரே நாளில் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். மழை. செம்மணிப் பாதையில் சனம் அடைபட்டு, ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம். அந்த நெரிசலில் அவரைக் கண்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு, கடகம் பின்னால், அதற்குள் ஒரு பானையும் இரண்டு உடுப்பும். தொண்டை போய்விட்டது. பெட்டிக்கு மேல் நின்றாலும் இனி அந்தச் சின்னக் குரல்தான். யூட் அவருடைய சைக்கிளை வாங்கி உருட்டினான். இருபத்தாறு வயது. தோளில் தன் பிள்ளை. நானும் அவரும் பக்கத்தில் நடந்தோம்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் அந்த அடி அடிச்சிராட்டி இவன் இண்டைக்கு இல்லை" என்றேன். பத்து வருஷமாகச் சொல்ல வைத்திருந்தது.

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்தது, கூடவே இருமல்.

"ஏன்ரா?"

"அந்தச் சைக்கிள் பெடியள். இயக்கப் பெடியள்."

"ஆர்? அவங்களோ? அவங்கள் நீர்வேலிப் பக்கத்தாலை கருவாடு வாங்க வந்த பெடியள். வாழைக்குலை கொண்டந்து மாத்துறவங்கள்."

"அப்ப... கரைச் சனத்துக்குத் தெரியக்கூடாதெண்டு..."

"கரைக்கு உன்ரை சேவலைத் தெரியாதே? ஊரெல்லாம் அதைப் பார்த்துத்தான் மத்தியானச் சோத்துக்கு உலை வைக்கிறது."

மழை வழிகிற முகத்தோடு கேட்டேன்.

"அப்ப என்னத்துக்கு அண்ணை அடிச்சனீங்கள்?"

அவர் முன்னால் போகிற யூட்டைப் பார்த்தார். குரலை இன்னும் குறைத்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பெடியனைத் தென்னையிலை கட்டி அடிச்சனியெல்லோ. உன்ரை மனிசி வந்து சொல்லி அழுதவள். அதுக்கு ஒண்டு வைக்கோணும் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான். நீயாய் வந்து மாட்டினாய்."

நான் நின்று, மற்றக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"போடா" என்றார். "கை ஏலாது. அது உன்ரை மனிசியின்ரை பங்கு."

முன்னால் யூட் திரும்பிப் பார்த்தான். அவன் தோளில் பிள்ளை நித்திரை. "என்ன ரெண்டு பேரும் நிண்டு சிரிக்கிறியள்? கெதியா வாங்கோவன்" என்றான்.